பத்தொன்பது நிமிடத் தாமதம்

ஜூன் 6, வியாழன்

சரசா மகன் முரளியைக் கூட்டிக்கொண்டு காலை 7.10 பஸ்ஸில் ஆத்தூருக்குப் போய்விட்டாள், தங்கை வீட்டுக்கு. இரண்டு நாள் வீட்டில் என் ராஜ்யம்.

ராசாங்கம் 9.20க்கு வந்தான். மாடியில் வெயில் மறைக்க நான்கு மூங்கில் தட்டி பின்ன வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ரயில்வே கேட்டுக்கு அப்பால் குறவர் குடியிருப்பில் இருக்கிறவன். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கூடை, முறம், தட்டி எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொல்லையில் உட்கார்ந்து மூங்கிலைப் பிளந்தான் என்றால் ஒவ்வொரு பிளாச்சும் ஒரே கனம். மதியம் அவன் கொண்டுவந்த சோற்றைக் கொல்லையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். நான் ரசத்தோடு முடித்துக்கொண்டேன்.

3.05க்கு டீ போட்டேன். துவைக்கிற கல்லடியில் அவனுக்கென்று இருக்கும் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். 3.22க்குப் போக வேண்டிய பாசஞ்சர் 3.41க்குத்தான் போனது. ராசாங்கம் தலையை நிமிர்த்தாமலே, "பத்தொம்பது நிமிசம் லேட்டுங்களா சார்" என்றான். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. தண்டவாளத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடிகாரம் எதற்கு.

நோட்டை எடுத்து எழுதினேன். "எல்லாத்தையும் எழுதுவீங்களா சார்" என்று கேட்டான். "வண்டி போனா எழுதுவேன். நீ வந்ததும்தான் எழுதியிருக்கேன்" என்றேன். சிரித்தான். முப்பத்தெட்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக வண்டிப் பதிவேடு எழுதிய கை. ரிட்டயராகி ஏழு வருஷமாகியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

5.40க்குக் கிளம்பினான். மூன்று தட்டி முடிந்தது. நான்காவது பாதியில் நிற்கிறது. நாளைக்கு வந்து முடிப்பதாகச் சொன்னான்.

ஜூன் 7, வெள்ளி

ராசாங்கம் வரவில்லை. இவர்களிடம் வேலை கொடுத்தால் இப்படித்தான்.

ஜூன் 8, சனி

சரசா வந்துவிட்டாள். பாதித் தட்டியைப் பார்த்து, "நான் இல்லைன்னா ஒரு வேலை முழுசா நடக்காதே" என்றாள்.

காலை நடைக்குப் போன இடத்தில் ஒரே பேச்சு. காமராஜர் தெருவில் வாத்தியார் வீட்டுப் பின்கதவை உடைத்துப் பதினோரு பவுன் போய்விட்டதாம். வியாழக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். போலீஸ் மறுநாள் விடிவதற்குள் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம். "வேற எங்க போவாங்க" என்றார் நடைக்கு வருகிற ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

ஜூன் 9, ஞாயிறு

காலை 10.15. வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. ராசாங்கத்தின் மனைவி, செல்லக்கிளி என்று பெயர் சொன்னாள். உள்ளே வரச் சொல்லி சரசா கூப்பிட்டும் வரவில்லை.

"சார், வியாழக்கெழம எங்க வூட்டுக்காரரு இங்கதானங்க இருந்தாரு? மூணு பேர விட்டுட்டாங்க. இவர மட்டும் விடல. வாத்தியார் வூட்டுல இவருதான் எடுத்தாருன்னு எழுதிட்டாங்க. ஸ்டேசன் சாருக்குத் தெரியும், அவரு நோட்டுல எழுதியிருப்பாரு, போய்க் கேளுன்னு சொல்லி அனுப்பினாரு."

நான் என்ன சொன்னேன் என்பது அப்படியே நினைவில்லை. பார்க்கலாம் என்றோ, விசாரிக்கிறேன் என்றோ சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததை சரசா பார்த்திருக்கிறாள். தாலியில் கோத்திருந்த இரண்டு தங்கக் குண்டையும் திருட்டு நகை என்று போலீஸ் எடுத்துக்கொண்டார்களாம். பதினோரு பவுனில் கிடைத்தது அவ்வளவுதான்.

ஜூன் 10, திங்கள்

முரளியின் பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை இந்த வாரம் வரும் என்று செய்தி. மஸ்கட்டில் வேலை ஆர்டர் கையில் இருக்கிறது. நான்கு வருஷமாக வேலையில்லாமல் சுற்றிய பிள்ளை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அதே போலீஸ் ஸ்டேஷன்தான்.

ஜூன் 12, புதன்

காலை 11.30க்கு ஏட்டு வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். "முரளிதரன், தகப்பனார் கோதண்டம், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். உங்க வீட்ல என்ன சார் விசாரிக்கறது, சும்மா கையெழுத்துக்கு வந்தேன்" என்றார். சரசா காபி கொடுத்தாள்.

கிளம்பும்போது கொல்லையில் கிடந்த தட்டியைப் பார்த்தார். "அந்தக் குறவன் உங்க வீட்ல வேல செஞ்சான்னு சொல்றான் சார். அவனுங்க அப்படித்தான், யாராவது பெரிய மனுஷர் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பானுங்க. நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லை" என்றேன். அது உண்மைதான், யாரிடமும் சொல்லவில்லை.

ஏட்டு போன பிறகு சரசா காபித் தம்ளரைக் கழுவாமல் அப்படியே நின்றாள். "வேல செஞ்சானா, இல்லையா?" என்றாள். "பாஸ்போர்ட் வரட்டும்" என்றேன்.

ஜூன் 13, வியாழன்

மழை 4.10 முதல் 4.35 வரை. பாசஞ்சர் சரியான நேரம்.

ஜூன் 22, சனி

ஒரு வக்கீல் பெண் வந்தாள். எஸ்தர் என்று பெயர். கோர்ட் கொடுக்கிற இலவச வக்கீல். ஸ்கூட்டரில் வெயிலில் வந்து முகமெல்லாம் சிவந்திருந்தது. சரசா மோர் கொடுத்தாள்.

"ரொம்ப சின்ன விஷயம் சார். ஆறாம் தேதி ராசாங்கம் உங்க வீட்ல எத்தனை மணியிலருந்து எத்தனை மணி வரைக்கும் இருந்தார்னு நீங்க எழுதிக் கையெழுத்து போட்டா, ஜாமீன் மனுவோட வச்சிடுவேன். கேஸே நிக்காது. அவர்கிட்ட அடிச்சு வாங்கின ஒரு வாக்குமூலம், அவங்க சம்சாரத்தோட தாலிக்குண்டு, இது ரெண்டைத் தவிர அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

சரியாக நினைவில்லை என்று சொன்னேன். ஆறாம் தேதியா, ஐந்தாம் தேதியா, வயதாகிவிட்டது என்றேன்.

அந்தப் பெண் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க டைரி எழுதுவீங்கன்னு சொன்னார்" என்றாள்.

அது வீட்டுக் குறிப்பு, பால், மழை என்று ஏதோ கிறுக்குவேன் என்றேன். மனிதனுக்கு மறதி வருவது இயற்கை. எங்கள் காலத்தில் ஒருநாளைக்கு இருபத்திரண்டு வண்டி. எல்லாம் நினைவிலா இருக்கிறது?



ஜூன் 23, ஞாயிறு

ஆறாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கிழிக்கவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

எங்கள் வேலையில் பதிவேட்டை அழித்து எழுதினால் சீட்டுக் கிழியும். தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அடித்த எழுத்தும் கோட்டுக்குக் கீழே படிக்கத் தெரிய வேண்டும். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் அடித்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஜூலை 1, திங்கள்

பாஸ்போர்ட் தபாலில் வந்துவிட்டது. சாமி படத்தின் முன் வைத்தோம். "வந்துடுச்சில்ல" என்றாள் சரசா. எதைச் சொல்கிறாள் என்று தெரியும். விசாவுக்கு இன்னொரு போலீஸ் சான்றிதழ் வேண்டுமாம். அதுவும் வரட்டும் என்றேன்.

"நான் போய்ச் சொல்றேன்" என்றாள். நீ அன்றைக்கு ஆத்தூரில் இருந்தாய், நீ சொன்னால் பொய்ச் சாட்சி என்றேன்.  சட்டப்படி நான் சொன்னது சரி.

ஜூலை 9, செவ்வாய்

மார்க்கெட்டில் செல்லக்கிளியைப் பார்த்துவிட்டோம். நான் கீரைக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரசா அவளிடம் போய் நின்று ரொம்ப நேரம் பேசினாள். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

போலீஸ் ஸ்டேஷனில் அவனை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்களாம். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லையாம். கிளைச்சிறையில் கக்கூஸ் கழுவுகிற வேலை. உள்ளே முப்பது பேர் இருக்கிறார்கள், ஆனால் அந்த வேலைக்கு வார்டர் பெயர் கேட்பதில்லை, எந்த ஆள் என்று கேட்கிறாராம். சொன்னதும் வாளியைக் கொடுத்துவிடுகிறாராம். போன மாதம் அந்த வேலையைச் செய்தவனும் இவர்கள் ஆள்தான். செல்லக்கிளி மனுப் போட்டுப் பார்க்கப் போன அன்று, "ஸ்டேசன் சார்ட்ட கேட்டியா" என்றுதான் முதலில் கேட்டானாம்.

"அவ என்ன சொன்னா?" என்றேன்.

"நீங்க வெளியூர் போயிருக்கீங்கன்னு சொல்லியிருக்கா. உங்களக் காப்பாத்தியிருக்கா" என்றாள் சரசா.

கீரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

தொட்டிச் செடிகள் வெயிலில் காய்கின்றன. மூன்று தட்டிக்கு நடுவே ஒரு இடைவெளி. நாலாவதற்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது கெடக்கட்டும்" என்றாள் சரசா.

ஜூலை 17, புதன்

விசாவுக்கான சான்றிதழும் வந்துவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

முரளியை ஏற்றிவிட்டுச் சென்னையிலிருந்து திரும்பினோம். விமானம் 9.45க்குப் புறப்பட்டது, பதினான்கு நிமிடம் தாமதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையாட்டினான். சரசா அழுதாள். நானும் அழுதேன், சொன்னால் என்ன. பிள்ளை தூரத்தில் இருந்தால் வயிறு எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

ரயிலில் திண்டிவனம் தாண்டியதும் சரசா, "இப்ப என்ன சாக்கு?" என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

சாக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் போய்ச் சொன்னால், இவ்வளவு நாள் எங்கே போனீர் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் பயமாக இருக்கிறது. ஏட்டு பார்க்கிற இடத்தில் எல்லாம் வணக்கம் வைக்கிறார். அந்த வணக்கம் வேண்டியிருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் விஷயம்.

குற்றப்பத்திரிகை போட்டுவிட்டார்களாம். நடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

செல்லக்கிளிக்குப் பெண் குழந்தை. அரசு ஆஸ்பத்திரியில். சரசா பழைய வேட்டியைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். வந்து குளித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இருபதாம் தேதி கோர்ட்டாம். நீங்க வரலேன்னா நான் அந்த நோட்டத் தூக்கிட்டுப் போவேன். படிக்கத் தெரிஞ்சவங்க அங்க இருப்பாங்க."

முப்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. போகிறேன் என்றேன்.  சாயங்காலம் இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

நோட்டைத் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு 9.50க்கே கோர்ட்டுக்குப் போய்விட்டேன். எஸ்தர் 10.15க்கு வந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, களைப்பாகத்தான் பார்த்தாள். வேப்பமரத்தடியில் நோட்டைப் பிரித்து ஆறாம் தேதிப் பக்கத்தைக் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள். 9.20, 3.05, 3.41, 5.40. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தாள்.

"ஜூன்லயே இது இருந்துச்சா சார்?"

"இருந்தது."

"நான் வந்து கேட்ட அன்னிக்கு?"

"இருந்தது."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். "வாங்க" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள்.

ராசாங்கத்தை வராந்தாவில் ஒரு காவலரோடு உட்கார வைத்திருந்தார்கள். பாதி ஆளாகியிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். கைவிலங்கு அவனைப் பிடித்து இழுத்தது, அப்படியும் எழுந்தான். எஸ்தர் குனிந்து அவனிடம் நோட்டைப் பற்றிச் சொன்னாள். வழக்கை நடத்தலாம், சாட்சி வந்துவிட்டார், ஜெயிக்கலாம் என்றாள்.

"எவ்ளோ நாளாவுங்க மேடம்?"

அவள் பொய் சொல்லவில்லை. "விசாரணை முடிய எட்டு மாசம், ஒரு வருஷம். ஜாமீன் மறுபடி கேட்பேன். ஆனா சொந்த வீடு, வரி ரசீது உள்ள ரெண்டு பேர் வேணும்."

"ஒருத்தர் நான்" என்றேன். இன்னொருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

"ஒத்துக்கிட்டா?"

"ஒத்துக்கிட்டா இருந்த நாளே தண்டனைன்னு சொல்லிடுவாங்க. இன்னிக்கு சாயங்காலம் வெளிய."

ராசாங்கம் என் பக்கம் திரும்பினான். கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "சார் எழுதியிருப்பாருன்னு நான் சொன்னேன், யாரும் நம்பல. இப்ப வேணாங்க சார். புள்ள பொறந்து நாலு நாளாவுது. இன்னும் பாக்கல. வூட்டுக்குப் போவணும்" என்றான். பிறகு என்ன நினைத்தானோ, "தட்டி ஒண்ணு பாக்கி நிக்குதுங்களே" என்றான்.

"ஒத்துக்கிட்டா, அடுத்து எங்க எது நடந்தாலும் உன்னத்தான் தேடி வருவாங்க" என்று எஸ்தர் சொன்னாள்.

"முன்ன மட்டும் யாரத் தேடி வந்தாங்க மேடம்" என்றான்.

11.35க்குக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் நிதானமானவர், இரண்டு தரம் கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, யாரும் வற்புறுத்தவில்லையே என்று. ராசாங்கம், "நான்தாங்க எடுத்தேன்" என்றான். ஒப்பிக்கிற குரல். எழுபத்தைந்து நாளில் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. அந்த மதியம் 3.41க்கு என் கொல்லையில் தலை நிமிராமல் வண்டித் தாமதத்தைச் சொன்ன மனிதன், அந்த நேரத்தில் வாத்தியார் வீட்டுப் பீரோவை உடைத்துக்கொண்டிருந்ததாகக் கோர்ட் பதிவேட்டில் ஏறியது. நான் கடைசிப் பெஞ்சில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து சத்தம் போட நினைத்தேன். எழுந்தால் அவன் இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. அவ்வளவு அழகாக அந்தக் கதவை நான் மூடிவைத்திருந்தேன்.

மூன்றே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 11.38.

ஆகஸ்ட் 21, புதன்

ஜூன் 22ஆம் தேதிப் பக்கத்தில் "சரியாக நினைவில்லை" என்ற இடத்தை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில், "நன்றாக நினைவிருந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்.

செப்டம்பர் 4, புதன்

வாத்தியாரின் நகை கிடைத்துவிட்டதாம். அவருடைய அக்கா மகன் கும்பகோணத்தில் அடகு வைத்திருக்கிறான். குடும்பத்துக்குள்ளேயே பேசி மீட்டுக்கொண்டார்கள். போலீசுக்கு யாரும் சொல்லவில்லை, குடும்ப மானமாம். "நல்லவேளை, வெளிய தெரியாம முடிஞ்சது" என்றார் நடைக்கு வருகிறவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் ஆட்டவில்லை. "அதுக்கு ஒருத்தன் எழுபத்தஞ்சு நாள் ஜெயில்ல இருந்தான்" என்றேன். அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான், எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.  பிறகு ஒருவர், "சரி விடுங்க சார், அவன் இதைச் செய்யலேன்னாலும் வேற ஏதாவது செஞ்சிருப்பான்" என்றார். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜூன் எட்டாம் தேதி இதே ஆட்களோடுதான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ராசாங்கம் வந்தான். சொல்லி அனுப்பவில்லை, தானாக வந்தான். கொல்லையில் அதே இடத்தில் உட்கார்ந்து பாதித் தட்டியை மடியில் எடுத்துவைத்துக்கொண்டான். மடங்காத இரண்டு விரலையும் ஒதுக்கிவிட்டு, பிளாச்சைப் பல்லால் பிடித்து இடது கையால் இழுத்தான். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. நாள் முழுக்க ஆனது. பிளாச்சு ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லிசாகவும் வந்தது. அதைப் பார்த்து அவனே இரண்டு தரம் பிரித்துப் பின்னினான்.

சரசா அவனைக் கூடத்துக்கு வந்து சாப்பிடச் சொன்னாள். "இருக்கட்டுங்கம்மா, இங்கயே நல்லாருக்கு" என்றான். துவைக்கிற கல்லடியில் அந்தத் தம்ளர் இல்லை. சரசா எப்போதோ தூக்கி எறிந்திருக்கிறாள். நாங்கள் குடிக்கிறதிலேயே டீ கொடுத்தாள். பாசஞ்சர் சரியான நேரத்துக்குப் போனது. அவன் பிளாச்சையே பார்த்துப் பின்னிக்கொண்டிருந்தான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். "ராசாங்கம், நான் அன்னிக்கே" என்று தொடங்கினேன். அவன் குறுக்கே பேசினான். அவன் என் பேச்சில் குறுக்கிட்டது இதுதான் முதல்தரம்.

"சார், ஒரு உதவி. ஒரு சீட்டுல நான் வந்த நேரமும் போற நேரமும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டுக் குடுத்துருங்க. இப்ப எங்க வேலைக்குப் போனாலும் வாங்கிக்கறேன். பாதிப் பேரு குடுக்க மாட்டேங்கறாங்க, உனக்கெதுக்குன்னு கேக்கறாங்க. சார் குடுப்பீங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினான். உள்ளே ஏழெட்டுச் சீட்டு. மளிகைக் கடைக் காகிதத்தில் ஒன்று, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்று. ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் வெறும் கோடு. எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தான்.

நல்ல தாளாகப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். என் பெயர், பழைய பதவி, வீட்டு முகவரி எல்லாம் போட்டேன்.  அவன் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, மடித்து, உறையில் கடைசியாக வைத்தான். பிறகு, "நோட்டுலயும் எழுதிருங்க சார்" என்றான்.

எழுதுகிறேன்.

ராசாங்கம் இன்று காலை 9.05க்கு வந்தார். மாலை 5.50 வரை என் வீட்டில்தான் இருந்தார்.

கோதண்டம்